நின்றால் அனல், ஓடினால் குளிர்: அறுப்புக்குப் போகும் ஒரு பழைய பிக்கப்பின் ஏசி

வண்டி 2008 மாடல் டீசல் பிக்கப், டபுள் கேபின், கம்பெனி ஏசி. உரிமையாளர் மன்னார்குடிப் பக்கம் நெல் அறுப்பு மெஷின் வைத்திருப்பவர். அறுப்பு நாட்களில் மெஷின் எந்த வயலில் இறங்கியிருக்கிறதோ அந்த வரப்போரம் இந்த வண்டியும் நிற்கும். ஆட்கள், டீசல் கேன், பெல்ட், பேரிங், மதியச் சாப்பாடு எல்லாம் இதில்தான் போகும். சம்பா, தாளடி அறுப்பு முழுக்க வயலும் களமுமாக அலைந்துவிட்டு, சித்திரை வெயில் ஏறியதும் பட்டறைக்கு வந்தது.

"ஏசி ஓடுது தம்பி, ஆனா குளிரலை. கேஸ் மட்டும் போட்டு விட்டுடுங்க, நாளைக்கு வண்டி வேணும்" என்றார் உரிமையாளர்.

கேஸ் போடுவது சுலபமான வேலை. வைத்தியத்தை அவரே சொல்லிவிட்டார், காசும் கையோடு வந்துவிடும். பழைய வண்டிகளின் ஏசி மேலும் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். குளிர் குறைந்தால் கேஸ் குறைந்திருக்கிறது என்று வண்டிக்காரர் நம்புகிறார், கடைக்காரர் மறுப்பதில்லை. ஏசியில் கேஸ் என்பது எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கசிந்தால்தான் குறையும். இந்த வண்டியில் போன சில கோடைகளில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி ஒவ்வொரு முறையும் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டால், "கேஜ் பார்த்துதான் ஏத்துனாங்க" என்பதுதான் பதில், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்து. எத்தனை கிராம் என்று எந்தப் பில்லிலும் இல்லை.

அதனால் கேஜை எடுப்பதற்கு முன் டிரைவரை உட்கார வைத்துக் கொஞ்சம் கிளறினேன். உரிமையாளரைவிட அவருக்குத்தான் வண்டியின் குணம் தெரியும்.

"தஞ்சாவூர் ரோட்டுல அறுபதுல போனா நல்லாவே இருக்குண்ணே. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல மாட்டுனாத்தான் போச்சு. அஞ்சு நிமிஷத்துல சட்டை நனைஞ்சிரும். கேட்டைத் தாண்டி ஓட ஆரம்பிச்சா மறுபடியும் குளிரும்."

காலையில் எப்படி? பரவாயில்லை. மதியம்? மோசம். ப்ளோயர் காற்று பலமாக வருகிறதா? வருகிறது. வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? சொட்டுகிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை. இன்ஜின் சூடு? முள் நடுவில்தான் நிற்கிறது.

இந்தப் பேச்சிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. கேஸ் குறைந்த வண்டி நிற்கும்போது இன்னும் மோசமாகலாம், ஆனால் ஓடும்போது "நல்லாவே" குளிராது. நின்றால் அனல், ஓடினால் குளிர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் மேல் போகிற காற்று. கேபினுக்குள் கூலிங் காயில் வாங்கிக்கொண்ட வெப்பம் முழுவதும், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் சேர்க்கும் வெப்பத்தோடு சேர்ந்து, முன்னால் இருக்கிற கண்டென்சர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்கிறது. நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஆனாலும் இது ஊகம்தான், கேஜ் பேசும்வரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. "வண்டி நாளைக்குக் கிடைக்காதுண்ணே, நாளன்னைக்கு வாங்க" என்று மட்டும் உரிமையாளரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

காலை ரீடிங்

இரவு முழுக்க வண்டி ஷெட்டில் நின்றது. விடிந்ததும் இன்ஜினைத் தொடாமல் கேஜ் மாட்டினேன். ஷெட்டுக்குள் 30 டிகிரி. லோ சைடு (கம்ப்ரஸருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம்), ஹை சைடு (கம்ப்ரஸர் தள்ளும் அதிக அழுத்தப் பக்கம்) இரண்டிலும் ஒரே அளவு, 97 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அளவு) ஒட்டி.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "கேஸ் சரியா இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது தவறு. மூடிய குழாய்க்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. இந்த வண்டியில் இருக்கும் ஆர்134ஏ கேஸுக்கு 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ என்பது அட்டவணை அளவு. உள்ளே 300 கிராம் இருந்தாலும் 900 கிராம் இருந்தாலும் நிற்கிற வண்டியில் அதே 97தான் காட்டும். அப்படியென்றால் இந்த ரீடிங் எதற்கு? உள்ளே காற்று கலந்திருந்தால் முள் அட்டவணையைவிட மேலே நிற்கும். வேக்கம் போடாமல் (உள்ளே இருக்கும் காற்றை முதலில் பம்பால் உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் ஏற்றிய வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இங்கே அந்தக் குற்றம் இல்லை. வேறு கேஸ் பெரிய அளவில் கலந்திருக்கவில்லை என்ற தைரியமும் ஓரளவு கிடைத்தது. செலவு மிச்சம் என்று சமையல் எல்பிஜியை ஏசிக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிரத்தான் செய்யும். ஆனால் முன்பக்கம் ஒரு சின்ன இடி பட்டால் சூடான இன்ஜின் பக்கத்தில் எரிவாயு கசியும், கேபினுக்குள் கசிந்தால் அதைவிட ஆபத்து. அந்தச் சந்தேகம் வரும் வண்டியில் நான் என் மெஷினை மாட்டுவதே இல்லை.

பழைய வண்டி என்பதால் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன். நம் நாட்டில் புதிய வண்டி ஏசிகளில் ஆர்12 என்ற பழைய கேஸ் 2003 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய லாரி, வேன் என்றால் ஆர்12க்கு உரிய மினரல் ஆயில் உள்ளே இருக்கலாம், பாதியில் கேஸ் மாற்றியிருக்கலாம். கேஸ் மாற்றிய வண்டியில் பழைய எடையை அப்படியே போடக் கூடாது, பொதுவாக 80 முதல் 90 சதவீதம் போதும். இந்த வண்டி 2008. பானெட்டின் அடியில் ஸ்டிக்கர் மங்கியிருந்தாலும் துடைத்தால் படிக்க முடிந்தது: ஆர்134ஏ, 650 கிராம்.

இன்ஜின் ஓடும்போது

வெயில் ஏறட்டும் என்று பதினொரு மணிவரை காத்திருந்து, வெளியே 37 டிகிரி இருக்கும்போது ஓட்டிப் பார்த்தேன். காலைக் குளிர்ச்சியில் ஏசி சோதிப்பதும் சாயங்காலம் ஓட்டிப் பார்த்து "குளிருதே" என்று சாவியைக் கொடுப்பதும் ஒன்றுதான். முன்பு கேஸ் ஏற்றிய கடைகளில் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது), ஏசி முழுசாக, பத்து நிமிடம் கழித்து: லோ சைடு 58, ஹை சைடு 325. டாஷ்போர்டில் காற்று வரும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் 21 டிகிரி.

325 பிஎஸ்ஐ என்றால் கண்டென்சருக்குள் கேஸ் ஏறக்குறைய 75 டிகிரியில் திரவமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெளிக்காற்று 37. ஒழுங்கான வண்டியில் வெளிக்காற்றைவிட இருபது டிகிரி சொச்சம் மேலே, அதாவது 57, 60 டிகிரியில் முடிய வேண்டும். அழுத்தம் 210 முதல் 230க்குள் நிற்க வேண்டும். லோ சைடு 58 என்றால் கூலிங் காயிலே 15, 16 டிகிரியில் இருக்கிறது. வென்ட்டில் 21 வருவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு பக்கமும் உயரம். இந்த ஜோடிதான் முக்கியம். கேஸ் குறைந்திருந்தால் இரண்டும் தாழ்ந்திருக்கும். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் லோ ஏறி ஹை இறங்கி இரண்டு முள்ளும் ஒன்றை ஒன்று நெருங்கியிருக்கும். இங்கே கம்ப்ரஸர் 325 வரை தள்ளுகிறது, அதன் மேல் பழி போட முடியாது. கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருந்தால் லோ சைடு வேக்கம் பக்கம் இழுக்கும். ஆக மிச்சம் இரண்டே சந்தேகம்: கண்டென்சருக்குக் காற்று போதவில்லை, அல்லது உள்ளே கேஸ் அதிகம். இரண்டும் கேஜில் ஒரே முகத்தைத்தான் காட்டும். பிரித்துப் பார்க்கிற இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

போர் தண்ணீர்க் குழாயை எடுத்து, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெல்ல மழை மாதிரி விடச் சொன்னேன். பழைய சோதனைதான், செலவில்லாதது. இரண்டு நிமிடத்தில் ஹை சைடு சரசரவென்று 215க்கு இறங்கியது, லோ 42. வென்ட் 14க்கு வந்தது. லோ சைடு முள் ஆடாமல் நின்றதால் எக்ஸ்பான்ஷன் வால்வும் தப்பியது.

"அவ்ளோதான்ணே, கண்டென்சர் அடைப்பு. கழுவி விட்டுடலாம்" என்றான் என்னோடு வேலை பார்க்கும் பையன்.

அடைப்பு இருப்பது உறுதி. ஆனால் அந்த 215 எனக்கு இடித்தது. முகம் முழுக்கத் தண்ணீர் ஓடும் கண்டென்சரில், அதுவும் 29, 30 டிகிரி போர் தண்ணீரில், ஹை சைடு 150, 160 பக்கம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. தண்ணீரை விடாமல் ஓடவிட்டு, கண்டென்சரிலிருந்து வெளியே வரும் திரவக் குழாயில் தெர்மாமீட்டர் முனையைக் கட்டிப் பார்த்தேன். 36 டிகிரி. 215 பிஎஸ்ஐக்கு உரிய வெப்பநிலை 57. வித்தியாசம் 21 டிகிரி.

கேஸ் முழுவதும் திரவமான பிறகும் கண்டென்சருக்குள்ளேயே தங்கி எவ்வளவு கூடுதலாக ஆறுகிறது என்பதைத்தான் இந்த வித்தியாசம் சொல்கிறது. ஐந்து முதல் பத்து டிகிரி இருந்தால் நல்லது. 21 என்றால் கண்டென்சரின் கீழ் வரிசைகளில் திரவம் தேங்கி நிற்கிறது. அத்தனை குழாயும் வெப்பத்தை வெளியேற்றும் வேலைக்கு உதவாமல் கிடங்காக மாறிவிட்டது. அடைப்பு ஒரு பக்கம், அளவுக்கு மீறிய கேஸ் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் இந்த நிலை. திரவம் ஓடுவதைக் காட்டும் பார்வைக் கண்ணாடியில் குமிழி இல்லாததைப் பார்த்து "ஃபுல்" என்று யாரோ திருப்திப்பட்டிருக்கிறார்கள். சரியாக நிரம்பிய வண்டியிலும் கண்ணாடி தெளிவாக இருக்கும், வழிகிற வண்டியிலும் தெளிவாகத்தான் இருக்கும்.

முன்னால் சுத்தம்

கிரிலைக் கழற்றினால் கண்டென்சர் முகம் பளிச்சென்று இருந்தது. டிரைவர் வாரம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விடுகிறவர், அவரைக் குறை சொல்ல முடியாது. டார்ச் அடித்தால் ஃபின்கள் (குழாய்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள்) தெரிகின்றன. ஆனால் ஒளி பின்னால் ஊடுருவவில்லை.

முதலில் ரிக்கவரி மெஷினில் கேஸை உறிஞ்சித் தராசில் வைத்தேன். 870 கிராம். ஸ்டிக்கர் சொல்வது 650. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். முதல் கோடையில் ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கலாம், ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் சிறிது போவது இயல்பு. அப்போது ஏற்றியது நியாயம். அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் அடைப்புக்குக் கேஸால் செய்த வைத்தியம். (உறிஞ்சாமல் வால்வைத் திறந்து வெளியே விடும் வழக்கம் இன்னும் நிறையக் கடைகளில் இருக்கிறது. ஆர்134ஏ ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். அந்தக் கவலை இல்லாதவருக்கும் ஒரு காரணம் உண்டு: வெளியே விட்டால் உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.)

கண்டென்சரைக் கழற்றி முன்னால் சாய்த்ததும் பையன் சிரித்துவிட்டான். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஜமுக்காளம் விரித்த மாதிரி ஒரு படலம். நெல் சுணை, பதர், வைக்கோல் துணுக்கு, அதன் மேல் டீசல் புகையும் எண்ணெயும் படிந்து, சேற்றுத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கையால் உரித்தெடுக்கிற அளவுக்குக் கெட்டி.

அறுப்பு மெஷின் பின்னால் கக்கும் தூசியைப் பார்த்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்களுக்கு நிழல் வேண்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு அதே வயலோரம் மணிக்கணக்கில் நிறுத்துகிறார்கள். ஃபேன் அந்தத் தூசியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சன்னமான சுணை கண்டென்சர் ஃபின்களைத் தாண்டி ரேடியேட்டரில் போய் ஒட்டுகிறது. பெரிய துணுக்குகள் எப்படி உள்ளே போயின என்று பார்த்ததில், கண்டென்சரின் பக்கவாட்டிலும் மேலும் இருக்க வேண்டிய ஃபோம் பட்டை மக்கிப்போய்க் காணவில்லை. அந்த இடைவெளி வழியாகக் காற்று சுற்றுவழியில் நுழைந்திருக்கிறது. இந்தப் பட்டையை யாரும் ஒரு பாகமாக மதிப்பதில்லை, கடையில் கேட்டாலும் கிடைக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் ஃபேன் கண்டென்சர் வழியாக இழுக்காமல் ஓரத்து ஓட்டை வழியாக இழுக்கும். நிற்கிற வண்டியில் இன்ஜின் அறையின் சூடான காற்றே சுற்றி முன்னால் வந்து திரும்பவும் கண்டென்சருக்குள் போகும். 37 டிகிரி நாளில் கண்டென்சர் 50 டிகிரிக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும்.

வாராவாரம் விட்ட வாட்டர் சர்வீஸ் இதில் உதவவில்லை, கெடுத்தது என்றே சொல்லலாம். முன்னாலிருந்து வேகமாகத் தண்ணீர் அடித்தால் முகத்தில் இருக்கிற தூசி பின்னால் போய் ஜமுக்காளத்தில் சேர்ந்துகொள்ளும். ஃபின்னும் மடங்கும். நாங்கள் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய் வேகத்தில், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினோம். ஆசிட் கலந்த காயில் கிளீனர் வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்னும். மடங்கிய ஃபின்களைச் சீப்பால் நிமிர்த்தினோம். கீழ் ஓரத்தில் இரண்டு வரிசை ஃபின் தொட்டாலே உதிர்ந்தது. வண்டி வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமும் அறுப்புக்குப் போவதால் உப்புக் காற்றின் வேலை அது.

ரேடியேட்டர் பாதி மூடியிருந்தும் இன்ஜின் சூடு முள் ஏன் நடுவிலேயே நின்றது? நிறைய வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய எல்லைக்குள் அசையாமல் இருக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். டிரைவர் பயப்படக் கூடாது என்பதற்காக. முள்ளை நம்பி ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

ஃபேன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இந்த வண்டியில் விஸ்கஸ் ஃபேன். நடுவில் இருக்கிற கிளட்ச்சில் சிலிக்கான் எண்ணெய் உண்டு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் முன்னால் இருக்கும் சுருள் பட்டை விரிந்து எண்ணெயைத் திறந்துவிடும், ஃபேன் இறுகிச் சுழலும். நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். இது தானாக இரண்டு சுற்றுச் சுற்றியது. பேரிங் ஓரத்தில் எண்ணெய் கசிந்து தூசி பிடித்த கோடு. கிளட்ச்சின் ஆயுள் முடிந்துவிட்டது. நீடாமங்கலம் கேட்டில் நடந்தது இதுதான்: எதிர்க்காற்று இல்லை, ஃபேன் வழுக்குகிறது, நடுவில் ஜமுக்காளம், உள்ளே 220 கிராம் அதிகச் சுமை.

உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உரித்தெடுத்த படலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு மரக்கா நெல்லு தேறும் போலருக்கே" என்றார். ஃபேன் கிளட்ச்சின் விலையைச் சொன்னபோது முகம் மாறியது. மொத்தச் செலவில் அதுதான் பெரியது. கழுவி விட்டால் போதாதா என்று கேட்டார். சம்பா அறுப்புக் குளிர்காலத்தில் போதும், குறுவை அறுப்பு நடக்கும் புரட்டாசி வெயிலில் போதாது என்றேன். மாற்றச் சொன்னார்.

மிச்சமிருந்த சில டிகிரி

திறந்த ஏசியைத் திரும்ப மூடும் வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இணைப்புகளுக்கு எல்லாம் புது ஓ ரிங் (ரப்பர் வளையம்), ஈரம் உறிஞ்சும் புது டிரையர். உறிஞ்சும்போது வெளியே வந்த எண்ணெயின் அளவுக்கும் பழைய டிரையரோடு போன அளவுக்கும் ஈடாக, கம்ப்ரஸருக்கான புது பிஏஜி ஆயில். நைட்ரஜனில் அழுத்தம் கொடுத்து சோப்பு நுரை வைத்துப் பார்த்ததில் கசிவு இல்லை. வேக்கம் முக்கால் மணி நேரம். டெல்டாவில் இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது, நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த குழாய் ஒரு மணி நேரத்தில் வேண்டாததைச் சேர்த்துக்கொள்ளும். கழற்றிய உடனே முனைகளை அடைத்துவிட வேண்டும். கண்டென்சரைச் சுற்றி வெளியில் வாங்கிய ஃபோம் பட்டையை அளந்து வெட்டி ஒட்டினோம். பிறகு தராசில் வைத்து 650 கிராம். ஒரு கிராம் கூடுதலாகப் போடவில்லை.

மறுநாள் மதியம் 36 டிகிரியில் ஐடில் ரீடிங்: லோ 38, ஹை 225. எண்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் வென்ட்டில் 13 டிகிரி. லோ சைடு 38 என்றால் காயில் ஆறு டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து வரும் காற்று 9, 10 இருக்க வேண்டும். மூன்று டிகிரியை யாரோ நடுவில் திருடுகிறார்கள்.

ஃபயர்வாலுக்குள் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) போகும் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் கை வைக்க முடியாத சூடு. ஒன்றைக் கிளாம்ப் போட்டு நெருக்கினேன். சில நிமிடங்களில் வென்ட் 9.5க்கு வந்துவிட்டது.

நம் பக்கத்தில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் நின்ற, வெந்நீரைத் திறந்து மூடும் ஹீட்டர் டாப் உள்ளே உப்புப் பிடித்து, கேபிளும் துருவேறி, முழுசாக மூடாமல் நின்றிருக்கிறது. போடாத ஹீட்டர் கெட்டது யாருக்குத் தெரியும்? குளிர்ந்த காற்றோடு கொஞ்சம் வெந்நீர்ச் சூடும் கலந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். டாப்பை மாற்றினோம். ஹோஸையே வளைத்துக் கட்டி ஹீட்டரை ஒதுக்கிவிடலாம் என்பவர்கள் உண்டு, குளிருக்கு அது சரி. ஆனால் மழைக்காலத்தில் கண்ணாடிப் பனியை எடுக்க அந்தச் சூடு தேவைப்படும், ஐப்பசி அடைமழையில் இரவில் ஓட்டுகிற வண்டிக்கு அதை இழப்பது நல்லதில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக டிரைவரின் பழக்கம் ஒன்று. வெளிக்காற்று உள்ளே வரும் நிலையிலேயே லிவரை வைத்து ஓட்டுகிறார். பின் சீட்டில் டீசல் கேன் வாடை தலைவலிக்கிறதாம். காரணம் நியாயம்தான். ஆனால் நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது மிகவும் விலை அதிகம். காயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வடிந்தால், அந்த ஈரத்தை நீராக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 680 வாட் குளிர்ச்சி செலவாகிறது. காற்று ஒரு டிகிரிகூடக் குறையாமலே. வெளிக்காற்றைத் திறந்து வைத்தால் ஈரம் தீராமல் வந்துகொண்டே இருக்கும். உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் சிறிது நேரத்தில் கேபின் காய்ந்துவிடும், பிறகு குளிர்ச்சி முழுவதும் ஆட்களுக்கு. அதனால் கேனை எல்லாம் மூடி இறுக்கிப் பின் தொட்டியில் ஏற்றச் சொன்னேன். கேபினுக்குள் டீசல் கொண்டு போவதே தப்பு, அது வேறு விஷயம்.

ஓட்டிப் பார்க்க டிரைவரோடு நானே நீடாமங்கலம் போனேன். கேட் மூடியிருந்தது, ரயில் இன்ஜின் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது, சோதனைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கேட் திறக்கும்வரை ஐடிலில் நின்றும் வென்ட் 11க்கு மேல் ஏறவில்லை. டிரைவர் ப்ளோயரை ஒரு பாயின்ட் குறைத்தார்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. 3.5 டன்னுக்கு உட்பட்ட இந்த மாதிரிப் பிக்கப்புக்கு அது பொருந்தாது. ஆனால் நெல் மூட்டை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கும் லாரிகளிலும் இனி இதே சுணையும் பதரும் ஏறும். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் கண்டென்சரின் மேல் போல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் சாய்த்து, பின்னாலிருந்து காற்றடித்து எடுத்துவிட்டால் போதும். இந்த உரிமையாளரிடம் தை அறுப்புக்குப் பிறகு ஒருமுறை, குறுவைக்குப் பிறகு ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கீழ் ஓரத்தில் உதிர்ந்த ஃபின் வரிசைகள் இன்னும் பரவும். இன்னும் ஓரிரண்டு வருடத்தில் கண்டென்சரையே மாற்ற வேண்டி வரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். பானெட்டின் அடியில் பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறது: தேதி, ஆர்134ஏ, 650 கிராம், தராசில் ஏற்றியது, கசிவு இல்லை. அடுத்த கோடையில் வேறு கடைக்குப் போனாலும் அவர்கள் கேஸ் கேனை எடுப்பதற்கு முன் படிக்கட்டும்.